ஹப்பின் மேல் பொறித்த மாதம்

பழைய சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்து ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவில் உள்ள உருளையை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷத்து எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அதன்மேல் கருப்பு மெழுகு மாதிரி உறைந்திருந்தது. கால் மணி நேரம் தேய்த்த பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தெரிய ஆரம்பித்தது. ஸ்டர்மி-ஆர்ச்சர், அதைச் செய்த கம்பெனி. அதற்குப் பக்கத்தில் ஏடபிள்யூ, மாடலின் பெயர். அப்புறம் சின்னதாக இரண்டு எண்கள்: 64, 9.

1964, செப்டம்பர். அந்த ஹப் செய்யப்பட்ட வருஷத்தையும் மாதத்தையும் அதன் உடம்பிலேயே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். துணியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் யாரோ ஒருவர் இந்த இரும்பு உருளையைக் கையில் எடுத்து அச்சு அடித்திருக்கிறார். அந்தத் தொழிற்சாலை இருந்த ஊரில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

சைக்கிள் ராலி ஸ்போர்ட்ஸ். பார் இல்லாத லேடிஸ் மாடல், கரும்பச்சை நிறம், தலையில் நாரைச் சின்னம். முன்பல்சக்கரத்தின் நடுவிலும் மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். இங்கே பக்கத்தில் பீஸ்டனில் ஒரு பாட்டியிடம் நாற்பது பவுண்டுக்கு வாங்கினேன். அவர் வேலைக்குப் போக வாங்கிய சைக்கிள் அது. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, முழங்கால் வலி வந்ததும் கொட்டகையில் நிறுத்திவிட்டார். பணத்தை வாங்கிக்கொண்டவர், அதைத் தள்ளிக்கொண்டு நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

நான் வளர்ந்தது அம்பத்தூரில். சைக்கிள் என்றால் எங்களுக்கு ஹெர்குலிஸ். 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து அம்பத்தூரில் ஆரம்பித்த டிஐ சைக்கிள்ஸ் ஆலையில் செய்தது. அப்பாவின் ஹெர்குலிஸில்தான் குரங்குப்பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கேரியர், ஒரே ஒரு வேகம். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவோம். அது ஒரு குறை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியதில்லை. சைக்கிளில் கியர் என்பதையே நாங்கள் பார்த்தது கிடையாது. பிற்பாடுதான் தெரிந்தது: 1960-ல் ராலி கம்பெனியும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கைக்கு வந்திருக்கிறது. என் அப்பாவின் சைக்கிளும் பீஸ்டன் பாட்டியின் சைக்கிளும் ஒருவகையில் பங்காளிகள்.

ஆனால் ஒரு வித்தியாசம். பாட்டியின் சைக்கிளில் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குதிரை, அதாவது கியர் மாற்றும் விசை, இருக்கிறது. அதைத் தட்டினால் மூன்று வேகம். பல்சக்கரம் எதுவும் வெளியே தெரியாது. செயின் இடம் மாறாது. எல்லாம் அந்த உருளைக்குள்ளேயே நடக்கிறது. என்னை இழுத்தது அதுதான்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அதைக் கழற்றினேன். (ஏடபிள்யூ ஹப்பைச் சும்மா கழற்றத் தேவையே இல்லை. பெரும்பாலும் எண்ணெய் விட்டாலே போதும். ஆனால் எனக்கு ஆசை.) இடதுபக்கக் கோனை (அச்சில் முடுக்கிய கூம்பு வடிவ நட்டை) எடுத்துவிட்டு, வலதுபக்கத்து வளையத்தில் உள்ள வெட்டில் ஒரு மழுங்கிய உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் மரை விட்டுக்கொடுக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் மொத்தமும் ஒரு பழத்தின் கொட்டை மாதிரி கையோடு வந்துவிடும்.

நடுவில் அச்சு. அது சுற்றாது. அதோடு ஒட்டியபடி 20 பல் உள்ள ஒரு சிறு சக்கரம், அதுவும் சுற்றாது. அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி ஒரு கூண்டுக்குள் நான்கு குட்டிச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 20 பல். அவைதான் கோள்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்பக்கம் 60 பல் வெட்டிய ஒரு வளையம். இவ்வளவுதான். கோள்களின் கூண்டைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினால் வளையம் நாலு சுற்று சுற்றும். வளையத்தைப் பிடித்து நாலு சுற்று சுற்றினால் கூண்டு மூன்று சுற்றுதான் வரும். முன்னதில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, பின்னதில் கால் பங்கு குறைகிறது. நடுவில் உள்ள இரண்டாம் கியரில் பெடல் எப்படியோ சக்கரமும் அப்படியே. ஒரே பல்சக்கரக் கூட்டம், அதை எந்த முனையில் பிடித்து இழுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தேன். நாலு முறை எண்ணினேன். மூன்றுக்கு நாலு, நாலுக்கு மூன்று. கணக்கு ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இதை ஓட்டும்போது ஒரு சத்தம் வரும். இரண்டிலும் மூன்றிலும் டிக் டிக் டிக் என்று, சுவர்க்கடிகாரத்தைவிட வேகமாக. முதல் கியரில் மிதித்தால் நிசப்தம். உள்ளே இருக்கும் கொக்கி போன்ற சின்ன நாக்குகள் செய்யும் வேலை அது. இரண்டு ஜோடி நாக்குகள் உண்டு. இரண்டாம் மூன்றாம் கியர்களில் ஒரு ஜோடி ஹப்பை இழுக்கும், மற்ற ஜோடி தன்னைவிட வேகமாக ஓடும் ஹப்பின் பற்கள்மேல் சும்மா தட்டிக்கொண்டே வரும். முதல் கியரில் முன்னது மடங்கிக்கொள்ள, பின்னது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் கண்ணை மூடிக்கொண்டுகூட எந்தக் கியரில் இருக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நாக்குகளைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் ஒன்று தெறித்து அடுப்புக்கு அடியில் போய்விட்டது. காந்தம் வைத்துத் தேடி எடுத்தேன்.

ஸ்டர்மி, ஆர்ச்சர் என்ற பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மூன்று வேக ஹப்புக்கு 1902-ல் காப்புரிமை வாங்கியபோது ஹென்றி ஸ்டர்மி ஒரு வடிவத்தோடு வந்தார், ஜேம்ஸ் ஆர்ச்சர் ஒரு வடிவத்தோடு வந்தார். ஆனால் ஆர்ச்சர் பெயரில் வந்த வடிவத்தை உண்மையில் யோசித்தவர் வில்லியம் ரெய்லி. சால்ஃபோர்டைச் சேர்ந்த பொறியாளர், அதற்கு முன்பே இரண்டு வேக ஹப் ஒன்றைச் செய்தவர். அந்தப் பழைய ஹப்புக்காகப் போட்ட ஒப்பந்தம் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது, தன் பெயரில் பதிய முடியவில்லை. அதனால் ஆர்ச்சரின் பெயரில் பதிந்தார்கள். உலகத்தின் தெருக்களில் எத்தனையோ லட்சம் ஹப்புகள் சுற்றின. ஒன்றின் மேலும் ரெய்லி என்று எழுதியிருக்காது. ஹப்பைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். நான் சொல்லியாவது நாலு பேருக்குத் தெரியட்டும்.

அந்த வடிவத்தை வாங்கி ஆலையில் ஏற்றியவர் ராலியின் முதலாளி ஃபிராங்க் பௌடன். ஹாங்காங்கில் பணம் சம்பாதித்து, உடம்பு கெட்டு ஊர் திரும்பியவர். வைத்தியர் சைக்கிள் ஓட்டச் சொன்னார், உடம்பு தேறியது. அந்தச் சைக்கிளைச் செய்த பட்டறையைத் தேடிக்கொண்டு நாட்டிங்காமின் ராலி தெருவுக்கு வந்தார். வாரத்துக்கு மூன்று சைக்கிள் செய்துகொண்டிருந்த இடம். அதையே வாங்கிவிட்டார். கம்பெனியின் பெயர் அந்தத் தெருவின் பெயர்தான்.

இப்போது நம் கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது ஏடபிள்யூ, 1936-ல் வந்தது. இடையில், 1950-களின் நடுவில், இதற்குப் பதிலாக எஸ்டபிள்யூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாகங்கள் குறைவு, செலவு குறைவு. ஓட்டும்போது வழுக்கியது. சில வருஷங்களில் கைவிட்டுவிட்டுப் பழைய ஏடபிள்யூவுக்கே திரும்பிவிட்டார்கள். 2000-ல் ஸ்டர்மி-ஆர்ச்சர் கைமாறித் தைவானுக்குப் போனது. அங்கே மூன்று வேக ஹப்புகள் இன்றும் தயாராகின்றன.

லென்டன் பூல்வார்டில் ராலியின் பழைய தலைமை அலுவலகம் நிற்கிறது, 1931-ல் கட்டியது. சுவரில் குட்டிக் குழந்தைகள் சைக்கிள் செய்வதுபோலப் புடைப்புச் சிற்பங்கள். முதல்முறை பார்த்தபோது பழனி மலைப் படிக்கட்டில் நிற்கிற மாதிரி அண்ணாந்து நின்றுவிட்டேன். கட்டடத்தின் ஒரு பகுதி பிற்பாடு மார்கஸ் கார்வி மையம் ஆனது, இங்குள்ள கரீபிய மக்களின் சமூகக் கூடம். அதற்கும் ஒரு கதை உண்டு. 1950-களில் ராலி ஆலை கறுப்பின மக்களுக்கு வேலை கொடுக்க மறுத்துவந்தது. ஆனால் அதே ராலி சைக்கிள்கள் ஜமைக்காவில் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. இங்கிருந்த தொழிலாளர் தலைவர்கள் ஜமைக்காவின் அரசியல் தலைவர் நார்மன் மேன்லிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். ராலியை ஜமைக்காவில் வாங்க மாட்டோம் என்று அவர் நெருக்கடி கொடுத்த பிறகு கதவு திறந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கான கரீபிய மக்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 64-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் என் ஹப்பைக் கோத்த கை யாருடையது என்று யோசிக்கும்போது எனக்கு இந்தக் கதையும் சேர்ந்தே வரும். பழைய சைக்கிள் பிடிக்கும் என்பதற்காக அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆலை இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். 2002-ல் நாட்டிங்காமில் சைக்கிள் தயாரிப்பு நின்றுபோனது.

சரி, என் சைக்கிளுக்கு வருகிறேன். முதலில் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பார்த்தவர், இதற்கு ஆகும் செலவில் புதுசே வாங்கலாம் என்றார். கோபம்தான் வந்தது. அம்பத்தூரில் எந்தச் சைக்கிள் கடைக்காரரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கவிழ்த்துப் போட்டு, கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ஓவராயில் செய்து சாயங்காலம் கொடுத்துவிடுவார்கள். நானே செய்துகொள்கிறேன் என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் என்னைப் படுத்தியது காட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் அந்தச் சாய்வு ஆணி, 9.5 மில்லிமீட்டர் கனம். ஐம்பது வருஷத் துருவில் அது அச்சோடு ஒன்றாகிப்போயிருந்தது. எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்று மெதுவாக, திரும்பத் திரும்பத் தட்டினேன். செய்யவே கூடாதது அதுதான். மெதுவாகத் தட்டினால் ஆணியின் தலை நசுங்கிப் பூவாக விரிந்துவிடும், வெளியே வராது. கட்டைக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரே அடி, கனமாக அடிக்க வேண்டும். நான் கற்றுக்கொள்வதற்குள் இடதுபக்கத்து ஆணி பாழாகிவிட்டது, துளை போட்டுத்தான் எடுத்தேன். வலதுபக்கம் ஒரே அடியில் வந்தது. புது ஆணி போடும்போதும் அப்படியே செருகிவிட முடியாது. அதன் சாய்வுப் பக்கத்தை அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு உட்காரும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது காலில் அந்தக் கோணல் தெரியும். மூன்று முறை ராவிப் பொருத்திப் பார்த்தேன். நாலாவது முறை சரியாக உட்கார்ந்தது.

இந்த விஷயங்களையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஷெல்டன் பிரவுன். அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர், 2008-ல் இறந்துபோனார். இந்த ஆங்கிலேய மூன்று வேகச் சைக்கிள்களைப் பற்றி, எந்த நட்டுக்கு எந்த மரை என்பதுவரை, இணையத்தில் யாரும் படிக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ராலி தன் சைக்கிள்களுக்கு மட்டும் தனியாக அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது, மற்ற ஆங்கிலேய சைக்கிள்கள் 24 மரை. இது தெரியாமல் பெடல் அச்சைத் தாங்கும் கப்பை வேறு கம்பெனியில் வாங்கி முடுக்கினால் ஃப்ரேமே போய்விடும். என் ஃப்ரேம் தப்பியது அவரால்தான். அமெரிக்காவில் அவருடைய தலைமுறைக்கு இந்த ராலிதான் பந்தய வண்டி. அங்கே குண்டு டயரும் கனமான உடம்புமாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிள்களுக்குப் பக்கத்தில் இது மெலிந்து தெரிந்ததால் 'இங்கிலீஷ் ரேசர்' என்று பெயர் வைத்தார்களாம். இங்கே அலுவலகம் போகும் வண்டி, அங்கே ரேசர்.

எடை என்னவோ 16 கிலோ சொச்சம். மாடிப்படி ஏற்றும்போது தெரியும். சாலையில் உருள ஆரம்பித்தால் தெரியாது.

ஒருமுறை டெர்பி ரோடு ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தேன். திடீரென்று பெடலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் போனது. கால் விர்ரென்று கீழே போய், முழங்கால் ஹேண்டில் பாரில் மோதி வீங்கிவிட்டது. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஹப் அங்கே போய் நின்றுவிடும். தப்பு என்னுடையது, கேபிளை நான் சரியாக வைக்கவில்லை. எப்படி வைப்பது என்பதையும் ஹப்பே சொல்கிறது. குதிரையை இரண்டில் வைத்துவிட்டு, வலதுபக்க அச்சு நட்டில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளே செல்லும் மெல்லிய சங்கிலி தொடங்கும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருந்தால் சரி. உள்ளே இருந்தால் கேபிளைக் கொஞ்சம் இறுக்கு, வெளியே நீட்டினால் தளர்த்து. அதற்குக் கருவி வேண்டாம், விரலே போதும்.

எனக்கு இந்தச் சைக்கிள்மேல் இத்தனை பிடிப்பு ஏன் என்று யாராவது கேட்டால் இந்த ஜன்னலைத்தான் காட்டுவேன். இதைச் செய்தவர்கள், வாங்கியவர் ஒருநாள் தன் வீட்டு வாசலில் குனிந்து இதைச் சரிசெய்வார் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள். அவருக்காக ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். எண்ணெய் விட ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் அவர் விடுவார் என்று நம்பியிருக்கிறார்கள். கேபிள் அறுந்தால்கூட ஹப் தானாக மூன்றாம் கியரில் நிற்கும், கஷ்டப்பட்டாவது வீடு போய்ச் சேரலாம். அழகுக்காக மட்டும் இந்தச் சைக்கிள்களைச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போதும், ஹப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒற்றை வேகமாக மாற்றியிருப்பதைப் பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு மாற்றம் நானும் செய்தேன். ஆலையிலிருந்து வந்தபோது முன்னால் 46 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்று மிதித்தால் இரண்டாம் கியரில் ஐந்தே கால் மீட்டர் போகும், மூன்றாம் கியரில் ஏழு மீட்டர். மூன்றாம் கியர் காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் பயன்படும் என்ற நிலை. பின்பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு வளையக் கம்பி மட்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். 22 பல் போட்டேன், செயினில் இரண்டு கண்ணி கூட்டினேன். இப்போது டெர்பி ரோட்டை உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். சமதரையில் மூன்றாம் கியர், லேசான ஏற்றத்துக்கு இரண்டு, மலை என்றால் ஒன்று. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றிக்கொள்ளலாம். செயினை நகர்த்தும் நவீன கியரில் அது முடியாது. முன்னால் போகும்போது மாற்ற வேண்டுமென்றால் ஒரு நொடி மிதிப்பதை நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடி இப்போது என் காலுக்குப் பழகிவிட்டது.

மழையில் மட்டும் இதை நம்ப முடியாது. ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்தால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மழைநாளில் இரண்டு வண்டி நீளம் முன்னாலேயே பிரேக்கைப் பிடிக்க ஆரம்பித்துவிடுவேன். அடுத்த வருஷம் அலுமினிய ரிம் வாங்கி, அதே ஹப்பை வைத்துப் புதுசாக ஸ்போக்ஸ் கோக்கலாம் என்று இருக்கிறேன்.

எல்லா வேலையும் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீஸ்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாட்டி தோட்டத்தில் இருந்தார், வேலிக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்க்கவில்லை. மிதிப்பதை நிறுத்தாமல் மெதுவாக வாசலை நெருங்கினேன். அவர் நிமிர்ந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டார். திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, "என் சைக்கிள்!" என்றார்.

வாசலுக்கு வந்து சீட்டைத் தடவினார், குதிரையைத் தட்டி ஒன்றில் போட்டார், மறுபடி மூன்றுக்குக் கொண்டுவந்தார். எண்ணெய் விடுகிறாயா என்று கேட்டார். மாதம் ஒரு ஸ்பூன் என்றேன். அவர் கணவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடுவாராம். கொட்டகைக்குள் போய், மூக்கு நீண்ட ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியோடு வந்தார். அடிப்பக்கம் அமுக்கினால் டொக் என்று சத்தம் வரும், தையல் மிஷினுக்கு எங்கள் வீட்டில் இருந்த அதே வகை. இதையும் கொண்டுபோ, அன்றைக்கே கொடுக்க மறந்துவிட்டேன் என்றார். பாதி எண்ணெய் இருந்தது. அவர் வீட்டு வாசலிலேயே ஹப்பின் மூடியைத் திறந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் கிளம்பினேன்.